ஐந்தாம் காம்பராவில் பத்துப் பாகை

ஆனைப்பள்ளம் தோட்டம்,
மேல் பிரிவு, ராகலை.
11.02.1962

அன்பு மகள் நாகலெட்சுமிக்கு அப்பா சோலைமலை எழுதுவது. கதிர்காமத்தான் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். கொழும்புத் தண்ணீர் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா?

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே. இது என் கையெழுத்துதான். தேயிலை ஆலை ஸ்டோரில் அத்தனை வருஷம் தட்டை அசையாமல் பிடித்த கை, பேனாவைப் பிடித்தால் மட்டும் ஆடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து உன் அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவளுக்கு எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்துகிறார்கள். வகுப்பில் நான்தான் வயசில் மூத்தவன். பழனியாண்டி கேட்டான்: "ஏம்ப்பா சோலை, பென்சன் வயசுல என்னா கிளாக்கர் வேலைக்கா போவப் போற?" காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். இத்தனை நாளும் உன் கடிதத்தைக் கடை வைரவன்தான் படித்துக் காட்டினான். நலம் விசாரித்ததை எல்லாம் கடை முழுக்கக் கேட்கப் படிப்பான். நடுவில் ஓர் இடம் வரும். உடனே, "இங்க ஏதோ படிப்புச் சமாச்சாரம் இருக்கு பெரியவரே, தாண்டிப் போவோம்" என்பான். ஒவ்வொரு கடிதத்திலும் தாண்டினான். அவன் தாண்டிய இடத்தில் என் மகள் என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் படித்தேன்.

பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டேன். தாண்டிய இடத்தில் தொலுயீன் என்று இருக்கிறது. புரோமீன் என்று இருக்கிறது. படித்துவிட்டேன், மகளே! என்ன அது என்று தெரியவில்லை, ஆனாலும் படித்துவிட்டேன். எனக்கு விளங்குகிற மாதிரி எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா, தன் கையால்.


மகளிர் விடுதி, கொழும்பு.
25.02.1962

அன்புள்ள அப்பாவுக்கு நாகலெட்சுமி வணங்கி எழுதுவது. நான் சுகம். வெக்கை ஒன்றுதான் குறை. உங்கள் முழங்கால் வலி எப்படி? அம்மா மழையில் கொழுந்து பறிக்கப் போகும்போது கம்பளி போட்டுக்கொள்கிறாளா?

உங்கள் கடிதத்தை விடுதியில் எல்லாருக்கும் காட்டினேன். சிங்களத் தோழிகளுக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தும் வாங்கி வைத்துப் பார்த்தார்கள்.

விளங்குகிற மாதிரி சொல்கிறேன். ஆறு பெண்கள் வட்டமாக நின்று கும்மி அடிப்பதாக நினையுங்கள். அந்த வட்டம் எளிதில் கலையாது. ஐந்து பேர் தலையில் பூ வைத்திருக்கிறார்கள். ஒருத்திக்குப் பூ இல்லை, இடுப்பில் ஒரு குழந்தை. இதுதான் தொலுயீன். தண்ணீர் மாதிரி இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே கோடிக்கணக்கான கும்மி.

புரோமீன் என்பது சிவந்த, கோபக்காரச் சாமான். அது வந்தால் ஒருத்தியின் பூவைத் தட்டிவிட்டு அந்த இடத்தில் தான் ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்காரிக்குப் பக்கத்தில் நிற்பவளிடமும் போகும், நேர் எதிரே நிற்பவளிடமும் போகும். எனக்கு எதிரே நிற்பவள் மட்டும்தான் வேண்டும். பக்கத்துக்காரி கலந்துவிடக் கூடாது. அப்படித் தனியாக எடுத்துக் காட்டுவதுதான் என் வேலை.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். முத்துலிங்கம் சேர் என்பவர்தான் எங்கள் விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துக்காரர். அடுத்த வருஷம் ஆராய்ச்சிக்கு ஆய்வுகூடத்தில் ஒரே ஒரு மேசைதான் காலி. ஆகஸ்ட் முடிவதற்குள் சுத்தமான சரக்கைக் கொண்டுவந்தால் அந்த மேசை எனக்கு. இல்லையென்றால் சண்முகராஜா என்ற மாணவருக்கு. பிறகு நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏற வேண்டியதுதான்.

உங்கள் கால்களைத் தொட்டு,
நாகலெட்சுமி.


ராகலை,
18.03.1962

என் அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசிகள். இங்கே அனைவரும் நலம். முழங்கால் பற்றிக் கேட்டாய். பனி விழும் காலையில் மட்டும் முரண்டு பிடிக்கிறது. எழுத உட்கார்ந்தால் வலி தெரிவதில்லை.

உன் கடிதத்தை யாரையும் கேட்காமல், தாண்டாமல் படித்தேன். படித்து முடித்ததும் வீட்டில் இருக்க முடியவில்லை. நேரே தண்ணீர்ப் பீலிக்குப் போனேன். தண்ணீர் பிடிக்க, நம் வரிசை வீட்டுச் சனம், லயமே அங்கே நின்றது. "ஆறு பொம்பளைங்க" என்று ஆரம்பித்தேன்.

பழனியாண்டி குளித்துக்கொண்டே கேட்டான்: "என்னாப்பா, ஒம் மக கொழும்புக்குப் போனது கும்மி அடிக்கவா?"

"அட, நெசக் கும்மி இல்லப்பா. கண்ணுக்குத் தெரியாத கும்மி."

"கண்ணுக்குத் தெரியாத கும்மிய அவ எப்பிடிப் பாத்தா?"

அவன் பெண்சாதி வேலாயி குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீ குளிச்ச அழுக்கு தண்ணியில போறது கூடத்தான் கண்ணுக்குத் தெரியல. இல்லேன்னு ஆயிருமா? அண்ணே, நீங்க சொல்லுங்க. அந்தக் கொழந்தைக்காரிக்கு என்னா ஆச்சு?"

முழுக்கச் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். இப்போது பீலியில் ஆறு பெண்கள் சேர்ந்தாலே, யார் எதிரே, யார் பக்கத்தில் என்று ஒரே கேலி. எதிரே நிற்க வேலாயிக்கும் உன் சின்னம்மாவுக்கும் சண்டை.

ஒரு சந்தேகம். அந்த புரோமீன் குழந்தையை ஒன்றும் செய்யாதே? அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா.


கொழும்பு,
08.04.1962

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். நான் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மா நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். புரோமீன் குழந்தையிடமும் போகும். எப்போது தெரியுமா? வெளிச்சத்தில். வெயில் பட்டால் அது வட்டத்துக்குள் வராது, குழந்தையைத்தான் பிடிக்கும். இருட்டில் வைத்து, குளிரப் பண்ணி, கொஞ்சம் இரும்புத் தூள் போட்டால் குழந்தையை விட்டுவிட்டு வட்டத்துக்குள் நுழையும். அதே சாமான்கள்தான். எங்கே வைக்கிறோம், கூட என்ன போடுகிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு முடிவு. இந்த அழகுக்காகத்தான் அப்பா நான் இதைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணாடிக் குடுவைக்குக் கறுப்புத் துணியில் ஒரு சட்டை தைத்திருக்கிறேன். வரும் மாதம் வேலை தொடங்குகிறது.

நாகலெட்சுமி.


ராகலை,
06.05.1962

அன்பு மகளுக்கு. மாரியம்மன் திருவிழா குறைவில்லாமல் முடிந்தது. அம்மா உனக்காகத் தீச்சட்டி எடுத்தாள். கையில் சின்னக் கொப்புளம், ஆறிவிட்டது. நாங்கள் சுகம், நீ சுகமா?

திருவிழாக் கூட்டத்தில் சங்கத் தலைவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளையின் தகப்பன் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். பேசினேன். இருட்டு, இரும்புத் தூள், கறுப்புச் சட்டை எல்லாம் சொன்னேன். கடைசியில், "ஆகஸ்ட் மாசம் எம் மக எதிரே நிக்கிறவளத் தனியா எடுத்துக் காட்டிரும். அந்த மேசை நம்ம தோட்டத்து மேசை" என்றேன். தப்பு அடிக்கிறவர்கள் அதற்கு ஒரு அடி அடித்தார்கள். பார்க்க வேண்டுமே!

வைரவன் கீழே நின்று கைதட்டினான். அவன் தாண்டிய இடங்கள்தான் இவ்வளவும் என்று அவனுக்குத் தெரியாது.

எப்படிப் போகிறது என்று எழுது. தோட்டமே கேட்கிறது.

அப்பா.


கொழும்பு,
17.06.1962

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். பதில் எழுதச் சுணங்கிவிட்டது, மன்னியுங்கள். இங்கே வெயில் அதிகம். அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் கிடைத்தது. விடுதியில் சாப்பாடு பரவாயில்லை. தம்பி முறைக்காரர்கள், சின்னம்மா வீட்டார் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அம்மாவின் கை முழுக்க ஆறிவிட்டதா?

வேறு விசேஷம் இல்லை.

நாகலெட்சுமி.


ராகலை,
26.06.1962

என் அன்பு மகள் நாகலெட்சுமிக்கு. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. அம்மாவின் கை ஆறி, பழையபடி கொழுந்து நிறுவையில் முன்னால் நிற்கிறாள்.

உன் கடிதம் சீக்கிரம் முடிந்துவிட்டது. எனக்கு நல்லதுதான், வாசிக்கச் சுலபம்.

இங்கே மழை. விடாத மழை. நேற்றுப் பகலில் மட்டும் வெயில் எட்டிப் பார்த்தது. உனக்குத்தான் தெரியுமே, வெயில் வந்தால் நம் லயம் எப்படி ஆகும் என்று. யாரோ ஒருத்தி, "வெயிலு, வெயிலு" என்று கத்தினாள். அவ்வளவுதான். கம்பளி வெளியே, தலையணை வெளியே, விறகு வெளியே. வேலாயி மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து வெயிலில் வைத்தாள். "ஏன்டி, அது காயவா போவுது?" என்று பழனியாண்டி கேட்டான். "சில்லுன்னு கெடந்துச்சு, கை தானா கொண்டு வந்துருச்சு" என்கிறாள். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைக் கழற்றிக்கொண்டுபோய் வெயிலில் சாய்த்து வைத்தாள். "அவருக்கும் குளிரும்ல" என்றாள். கொஞ்ச நேரத்தில் மூடிவிட்டது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினோம். முருகனை மட்டும் மறந்துவிட்டோம். கொஞ்சம் நனைந்தார்.

உன் கடிதத்தில் இந்த முறை அந்த ஆறு பெண்களைக் காணவில்லை. அவர்களையும் விசாரித்ததாகச் சொல்.

அப்பா.


கொழும்பு,
15.07.1962

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கு, நனைந்த முருகனுக்கும் என் வணக்கம். இப்போது உண்மையாகவே சுகம். போன கடிதத்தில் சுகம் என்று எழுதியது பொய்.

உங்கள் வெயில் கடிதத்தை விடுதிப் படியில் உட்கார்ந்து வாசித்தேன். மண்ணெண்ணெய்ப் போத்தல் வந்த இடத்தில் எழுந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

மே மாதக் கடைசியில் வேலை தொடங்கினேன். குளிர வைத்த தொலுயீனில் புரோமீனைச் சேர்த்தேன். இரும்புத் தூளை நிறுத்து வர அடுத்த அறைக்குப் போனேன். திரும்பி வந்து தூளைப் போட்டு வேலையைத் தொடர்ந்தேன். குடுவையைத் திறந்ததும் என் கண் எரிந்தது. பிறகு பக்கத்து மேசைக்காரர் கண். பிறகு எல்லார் கண்ணும். ஆய்வுகூடமே அழுதுகொண்டு வெளியே ஓடியது. வாசலில் நின்று சேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"பிள்ளை, உது வளையத்துக்குள்ள போகேல்ல. பக்கத்துக் கிளையைப் பிடிச்சிட்டுது. இருட்டிலதானே வைச்சனீர்?"

"இருட்டிலதான் சேர். சட்டை போட்டு வச்சேன்."

"அப்ப வெளிச்சம் எங்கையிருந்து வந்தது?"

"தெரியல சேர்" என்றேன். பொய் சொல்லவில்லை அப்பா, உண்மையாகவே தெரியவில்லை. "காரணம் தெரியாத ஆளிட்ட மேசையைக் குடுக்கேலாது" என்று சொல்லிவிட்டார். குடுவைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். நீங்கள் மேடையில் பேசியதைச் சொன்ன கடிதம் அதற்கு முன்பே என் கையில் இருந்தது. அதனால்தான் ஒன்றும் எழுதவில்லை.

வேலாயி அத்தையின் போத்தலைப் படித்ததும் எனக்கு என் கை ஞாபகம் வந்தது. அன்று ஜன்னல் வழியாக மேசையின் ஓரத்தில் ஒரு துண்டு வெயில் விழுந்திருந்தது. குடுவை சில்லென்று இருந்தது. போகிற போக்கில் அதை எடுத்து வெயிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். தொட்டால் குளிர்கிறதே என்று சட்டையையும் கழற்றியிருக்கிறேன்! திரும்பி வந்தபோது மேகம் மூடியிருந்தது, சட்டையையும் அதே கை மாட்டிவிட்டிருக்கிறது. கை தானாகச் செய்தது மனசுக்குத் தெரியவில்லை. கொழும்புப் பிள்ளை யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். அவர்கள் வெயிலைக் கண்டால் நிழலுக்கு ஓடுகிறவர்கள்.

மறுநாளே சேரிடம் போய்ச் சொன்னேன். "இவ்வளவு நாள் யோசிச்சு உதையோ கண்டுபிடிச்சனீர்?" என்றார். "ஓம் சேர்" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடும். ஆகஸ்ட் முடியுமட்டும் நேரம்" என்றார்.

மறுபடி செய்தேன். யாரும் அழவில்லை. புரோமீன் வட்டத்துக்குள் போய்விட்டது. மெல்ல மெல்லச் சொட்டாக விட்டதால் பெரும் பங்கு எதிரே நிற்பவளிடம். ஆனால் பக்கத்துக்காரியும் கலந்திருக்கிறாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் கொதிக்கிறதால் காய்ச்சிப் பிரிக்க வழியில்லை. உறைய வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எதிரே நிற்பவள் லேசான குளிருக்கே பளிங்காக உறைந்துவிடுவாள். பக்கத்துக்காரி நம் ஊர் ஜனவரிப் பனிக்கும் உறைய மாட்டாள். ஐஸில் வைத்தால் பளிங்கு வருகிறது. வடிகட்டத் தாளில் ஊற்றினால், கொழும்பு வெக்கையில் கண் முன்னாலேயே உருகி, இரண்டும் மறுபடி கலந்து ஒழுகிவிடுகிறது.

விடுதியில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கும்போது தோன்றியது. இங்கே தண்ணியாக ஓடுகிறது. நம் வீட்டில் காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் விழாதே! சேரிடம் கேட்டேன்.

"வீட்டுக்குக் கொண்டுபோயோ? உங்கட வீட்டில ஐஸ் பெட்டி இருக்கோ?"

"எங்க ஊரே ஐஸ் பெட்டிதான் சேர்."

ஆகஸ்ட் நாலாம் திகதி நானுஓயாவில் இறங்குவேன். இதுதான் கடைசி வாய்ப்பு. இதிலும் கலந்துவிட்டால் மேசை சண்முகராஜாவுக்கு.

உங்கள் மகள்,
நாகலெட்சுமி.


ராகலை,
24.07.1962

அன்பு மகளே, நாங்கள் சுகம். நீ மறைத்ததற்குக் கோபம் இல்லை. ஒரு பட்டணமே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடும்படி செய்த பிள்ளை நம் தோட்டத்தில் வேறு யார்? அம்மாவிடம் அந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் படித்தேன். வைரவன் மாதிரி.

ஏற்பாடு சொல்கிறேன். நம் ஐந்தாம் காம்பராவில் உள் அறையைக் காலி செய்து சாணி மெழுகியாகிவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். நம் லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டு அடுப்பை மூட்டினால் சூடும் புகையும் நம் வீட்டுக்குத்தான் வரும். ஆகவே லயத்துக்கு ஒரு கூட்டம் போட்டேன். நீ வடிகட்டும் காலையில், முடியும் வரைக்கும் யாரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்றேன்.

பழனியாண்டி எழுந்துவிட்டான். "தேத்தண்ணி இல்லாம பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறதா? நம்ம பரம்பரையில நடக்காத காரியம்!"

வேலாயி சொன்னாள்: "ஒங்க பரம்பரையில படிச்சதும்தான் இல்ல. ஒரு காலையில தேத்தண்ணி குடிக்காட்டி என்னா, நீயும் ஒறஞ்சா போயிருவ?"

"ஒறஞ்சாலும் ஒறைவேன்."

"அப்ப ஒன்னையும் வடிகட்டி எடுத்துருவோம்."

கூட்டம் அதோடு முடிந்தது. எல்லாரும் சம்மதம். அம்மா கேட்கிறாள், குடுவைக்குக் கம்பளி போர்த்தலாமா என்று. வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். சரிதானே?

அப்பா.


ராகலை,
09.08.1962

அன்பு மகள் நாகலெட்சுமிக்கு. சுகமாய்ப் போய்ச் சேர்ந்தாயா? ரயிலில் சாப்பிட்டாயா?

நேற்று முன்தினம் வரைக்கும் நீ இங்கேதான் இருந்தாய். அதற்குள் என்ன கடிதம் என்பாய். அந்தக் காலையில் நீ கதவுக்கு உள்ளே, நான் கதவுக்கு வெளியே. நீ கண்ணாடியைத்தான் பார்த்தாய். வெளியே நடந்ததை நான் எழுதினால்தான் உனக்குத் தெரியும்.

விடியும் முன்பே எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பனி மூடி எதிர் லயம் தெரியவில்லை. ஒரு வீட்டுக் கூரையிலும் புகை இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு நம் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. சூடு போய்விடும், வந்துவிடும் என்று என்னவோ பயம். சின்னம்மா வீட்டுக் கைக்குழந்தை அழுதது. "வாய மூடுடி, உருகிரும்" என்று பழனியாண்டி அதட்டினான். அவன்தான்!

பெரட்டுக்கு நேரம் தாண்டியது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தேடிக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டார்.

"என்னாடா இது? ஒரு பொட்டுப் பொகையக் காணோம். எழவு வீடா?"

நான் எழுந்து கும்பிட்டேன். "இல்லைங்க ஐயா. உள்ள எம் மக பளிங்கு எடுக்குதுங்க."

"என்னாத்த எடுக்குது?"

ஆறு பெண்களில் ஆரம்பித்து, தேங்காயெண்ணெய் வரைக்கும் சொன்னேன். வாயில் சுருட்டோடு கேட்டார். பாதிக் கதையில் அவராகவே பத்தடி தள்ளித் தண்ணீர்க் கானுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். நெருப்பு இந்தப் பக்கம் வரக் கூடாது என்றுதான். அங்கிருந்தே கத்தினார்: "அரைப்பேரு போட்டுச் சம்பளத்த வெட்ட மாட்டேன். முடிஞ்சதும் வெரசா வந்து சேருங்க!"

நான் வேலை செய்த காலம் முழுக்க அந்த உத்தியோகத்துக்காரர் ஒருவர் நம் வாசலில் நமக்காகத் தள்ளி நின்று பார்த்ததில்லை.

பிறகு நீ கதவைத் திறந்து, "அப்பா, வாங்க" என்றாய். வெள்ளைத் தாளில் அது இருந்தது. ஊசி ஊசியாக, ஜனவரிக் காலையில் புல்லின் மேல் படியுமே உறைபனி, அந்த மாதிரி. கீழே குடுவையில் எண்ணெய் தனியாக. உன் அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, குனிந்து பார்த்தாளே. வெளியே வந்துதான் மூச்சு விட்டாள்.

ஒரு விஷயம் மனசை அரிக்கிறது. நானுஓயாவில் ரயில் நகரும்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே உறைந்தது கொழும்பில் உருகுமே! நீ போத்தலைச் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாய். நான் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கையை ஆட்டினேன். எல்லாம் வீணா, மகளே? எதுவானாலும் எழுது. தாண்டாமல் எழுது.

அப்பா.


கொழும்பு,
30.08.1962

என் அன்பான அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். மிகவும் சுகமாக இருக்கிறேன். பதில் சுணங்கியது முடிவு தெரியட்டும் என்று.

மலை இறங்கி நாவலப்பிட்டி தாண்டும்போதே போத்தலின் ஓரம் இளகத் தொடங்கியது. கொழும்புக் கோட்டையில் இறங்கியபோது முழுக்க எண்ணெய். நான் கவலைப்படவில்லை, அப்பா. பக்கத்துக்காரியை நம் வீட்டுத் தாளில் வடித்துவிட்டோம். இனி எதிரே நின்றவள் உருகினாலும் தனியாகத்தான் உருகுவாள், உறைந்தாலும் தனியாகத்தான் உறைவாள். பிரிகிற வரைக்கும்தான் குளிர் வேண்டும். பிரிந்த பிறகு எந்த வெக்கையிலும் அவள் அவளேதான்.

சேர் போத்தலை வாங்கி ஐஸில் வைத்தார். ஓரத்தில் சொட்டு எண்ணெய் இல்லாமல் மொத்தமாக உறைந்தது. பிறகு அணு அணுவாகச் சூடேற்றி, எந்த இடத்தில் உருகுகிறது என்று பார்த்தார். கலப்படம் என்றால் முன்னே பின்னே இழுத்துக்கொண்டு உருகும். இது ஒரே இடத்தில், சட்டென்று உருகியது. நம்பாமல் மறுபடி செய்தார். அதே இடம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பிள்ளை, மேசையைத் துடைச்சு வையும். உம்மட மேசைதானே" என்றார். சண்முகராஜாதான் முதலில் கைகொடுத்தார். அவருக்குக் கண்டியில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது.

இன்னொன்று. செய்த முறையை அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும். பிரித்தெடுத்த இடமும் வெப்பநிலையும் போட வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் எல்லாம் ஆய்வுகூடம் என்று எழுதுவார்கள். நான் எழுதினேன்: ‘ராகலை, ஆனைப்பள்ளம் தோட்டம், மேல் பிரிவு லயம், ஐந்தாம் காம்பரா. பத்துப் பாகை.’ தட்டச்சு செய்கிறவர் இதைச் சேரிடம் கொண்டுபோய், எடுத்துவிடவா என்று கேட்டாராம். "ஏன்? அங்கதானே நடந்தது. அப்பிடியே அடியும்" என்றாராம்.

அறிக்கையின் ஒரு பிரதி நூலகத்தில் இருக்கும், அப்பா.

உங்கள்,
நாகலெட்சுமி.


ராகலை,
16.09.1962

என் மகள் நாகலெட்சுமிக்கு அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் சுகம். இவ்வளவு சுகமாக இதற்கு முன் இருந்ததாக ஞாபகம் இல்லை.

உன் கடிதத்தை முதலில் தனியாகப் படித்தேன். பிறகு அம்மாவுக்கு. பிறகு பீலியில். பிறகு ராகலைக்கு பஸ் ஏறிப் போய், வைரவன் கடையில், அவன் நிறுத்துக்கொண்டிருந்த சீனியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, நின்றபடி உரக்கப் படித்தேன். எதையும் தாண்டவில்லை. வைரவன் வாயைப் பிளந்து கேட்டான். ஐந்தாம் காம்பரா வந்த இடத்தில், "பெரியவரே, அத இன்னொரு வாட்டி" என்றான். இன்னொரு வாட்டி படித்தேன். ஆளுக்கொரு தேத்தண்ணி கொடுத்தான்.

லயத்தில் மட்டும் ஒரு வழக்கு. பழனியாண்டி ஆறாம் காம்பராக்காரன். "எங் காம்பராவும் அன்னைக்கிப் பத்துப் பாகைதான். எங்க அடுப்பும்தான் அணைஞ்சு கெடந்துச்சு. அத ஏன் போடல?" என்கிறான். நியாயமான கேள்வி. முடிந்தால் சேரிடம் சொல்லிப் பார். வேலாயி, "நாலாம் காம்பரா மட்டும் என்னா, வெந்துகிட்டா இருந்துச்சு?" என்று அந்த வீட்டுக்காரர்களுக்காகவும் கேட்கிறாள். நீ நூலகத்தில் எழுதியதை இனி மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை அவர்களுக்கு. கண்டாக்கு ஐயா கேள்விப்பட்டு, வேலியோரம் நின்று, "நான் சுருட்டோட தள்ளி நின்னதையும் எழுதுனாளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அம்மா உன்னிடம் ஒன்று கேட்கச் சொல்கிறாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: "அந்த மேசையில அடுத்தாப்ல என்னாத்த ஒறைய வைக்கப் போறான்னு கேளுங்க. ஜனவரின்னா இன்னும் நல்லாக் குளிரும். முன்னாடியே சொல்லிட்டா, லயத்துக்குச் சொல்லி வைப்போம். அன்னைக்கி மட்டும் எல்லாரும் முந்துன நாளு ராத்திரியே தேத்தண்ணி வச்சுக் குடிச்சிட்டுப் படுத்துக்குவாங்க."

இப்படிக்கு,
ஐந்தாம் காம்பரா சோலைமலை.